1939இல் பந்தயம் ஜெயித்த வண்டியை 2015இன் கண்டுபிடிப்பு என்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் 2015இல் வந்த கவாசாகி நிஞ்சா எச்2 பைக் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். இரண்டு இடங்களில்தான் இடறியது. உலகத்திலேயே சூப்பர்சார்ஜர் வைத்த முதல் பைக் இதுதான் என்று முகப்பில் போட்டிருக்கிறீர்கள். இரு சக்கர வண்டியில் அதைப் பொருத்தும் அளவுக்கு முன்பு தொழில்நுட்பம் வளரவில்லை என்று உள்ளே எழுதியிருக்கிறீர்கள். முதலாவது தவறு. இரண்டாவது அதைவிடப் பெரிய தவறு. தொழில்நுட்பம் எண்பது வருடங்களுக்கு முன்பே வளர்ந்துவிட்டது. அதை நிறுத்தி வைத்தது ஒரு விதிமுறை.

நான் திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கழிவுநீர்த் தொட்டிக்குள் காற்றை ஊதுகிற ப்ளோயர்களைக் கழற்றி மாட்டுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்த இரைச்சல் அக்கம்பக்கத்தாருக்குத் தலைவலி, எனக்குச் சோறு. சூப்பர்சார்ஜர் என்பதும் ஒரு ப்ளோயர்தான். நாங்கள் தண்ணீருக்குள் காற்றை அழுத்தினோம், அவர்கள் சிலிண்டருக்குள் அழுத்தினார்கள். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு கணக்கு. சாதாரண இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று பெட்ரோலைச் சேர்த்துக்கொண்டு உள்ளே வருகிறது. நிமிடத்துக்கு 7,000 சுற்று ஓடும்போது பிஸ்டன் மேலிருந்து கீழே வர, ஒரு நொடியை 230 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அதற்குள் சிலிண்டர் முழுசாக நிறையாது. ப்ளோயர் வைத்துத் தள்ளினால் நிறையும், கொள்ளளவுக்கு மேலேயும் திணிக்கலாம். 500 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 1,750 லிட்டர் கலவை கேட்கும். எங்கள் தொட்டிகளுக்கு ஊதிய ப்ளோயருக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்லை. ஆனால் எங்களுடையது கான்கிரீட் மேடையில் போல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அவர்கள் அதை ஓட்டுபவரின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவிலோ முன் சக்கரத்துக்குப் பின்னாலோ திணித்து, மலைப்பாதையில் சாய்ந்து திரும்ப வேண்டியிருந்தது.

இந்த வேலையை ஊன்றிச் செய்தவர்கள் என்றால் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூவைத்தான் முதலில் சொல்வேன். 1929இலேயே எர்ன்ஸ்ட் ஹென்னே என்பவர் 750 சிசி சூப்பர்சார்ஜர் வண்டியில் மியூனிக் நகருக்கு வெளியே இங்கோல்ஸ்டாட் சாலையில் மணிக்கு 216 கி.மீ. வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தார். 1937 நவம்பரில் அவரே 500 சிசி வண்டியில், காற்று தடுக்காமல் இருக்க முழுசாகத் தகடு மூடி, 279.5 கி.மீ. வேகத்தில் போனார். அந்தச் சாதனை 1951 வரை நின்றது. நேர்கோட்டில் ஓடுவதற்குத் தகடு மூடலாம், ஒரு கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜினை ஆற வைக்கலாம். பந்தயம் அப்படியல்ல. மூன்று மணி நேரம் ஓடணும், வளையணும், பிரேக் பிடிக்கணும்.

பந்தயத்துக்கு அவர்கள் செய்த 500 சிசி வண்டியைப் படத்தில் பார்த்தாலே ஒரு ஃபிட்டருக்குக் கை பரபரக்கும். இன்ஜினின் இரண்டு சிலிண்டர்களும் இடமும் வலமுமாகக் கை விரித்தாற்போல் நிற்கும். நடுவில், பிஸ்டன்கள் சுற்றுகிற அச்சான கிராங்க் ஷாஃப்ட்டின் முன் முனையிலேயே ப்ளோயர். பெல்ட் இல்லை, செயின் இல்லை. இடம் தேடி அலையவே இல்லை, இன்ஜினின் அமைப்பே இடம் கொடுத்துவிட்டது. அங்கிருந்து இரண்டு குழாய்கள் பின்பக்கம் போய்ச் சிலிண்டர் தலைகளுக்குள் நுழைகின்றன. சுமார் 60 குதிரைத்திறன், வண்டியின் எடை 140 கிலோவுக்கும் குறைவு. அதே காலத்தில் சூப்பர்சார்ஜர் இல்லாத இங்கிலாந்தின் நார்ட்டன் ஒற்றை சிலிண்டர் வண்டியில் சுமார் 50 குதிரைத்திறன்தான்.

அந்த ப்ளோயர் வேன் வகை. உருளையான கூட்டுக்குள் மையம் தள்ளி ஒரு ரோட்டார் சுழலும், அதில் செருகிய தகடுகள் உள்ளேயும் வெளியேயும் போய்வந்து காற்றை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் நெருக்கித் தள்ளும். சோல்லர் என்ற பொறியாளரின் பெயரால் அழைக்கப்பட்ட வகை. நான் பராமரித்தது இரண்டு ரோட்டார்கள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றும் ரூட்ஸ் வகை. அதில் ரோட்டாருக்கு எண்ணெய் தேவையில்லை. வேன் வகையில் தகடு தேயும், எண்ணெய் கொடுத்தே ஆகணும், கொடுத்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போய் ஸ்பார்க் பிளக்கைக் கெடுக்கும். இதோடு இன்னொரு தலைவலி உண்டு. கார்புரேட்டர் ப்ளோயருக்கு முன்னால் இருப்பதால் உள்ளே ஓடுவது வெறும் காற்று இல்லை, பெட்ரோல் கலந்த காற்று. இன்ஜின் ஒருமுறை பின்னால் வெடித்தால் ப்ளோயருக்கே ஆபத்து. எங்கள் ப்ளோயரில் பெட்ரோல் ஆவி ஓடியிருந்தால் நான் அந்த வேலைக்கே போயிருக்க மாட்டேன்.

சூடும் இருக்கிறது. காற்றை நெருக்கினால் சுடும், ப்ளோயரின் வெளிக்குழாயில் கை வைத்தவனுக்குத் தெரியும். சுட்ட கலவை சிலிண்டருக்குள் நேரத்துக்கு முன்பே தானாகத் தீப்பிடித்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். சாதனை ஓட்டங்களில் மெத்தனால் ஊற்றினார்கள், அது ஆவியாகும்போதே சூட்டை இழுத்துக்கொள்ளும். சாலைப் பந்தயத்தில் பெட்ரோலும் பென்சாலும் கலந்த எரிபொருள்தான். ஆக, கம்ப்ரெஷனைக் குறைத்து, அழுத்தத்தையும் அளவோடு வைத்துத்தான் ஓட்டினார்கள்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள மேன் தீவில் நடக்கும் டிடி (டூரிஸ்ட் டிராபி) பந்தயத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1938இல் கியார்க் மையர் பிஎம்டபிள்யூவில், 500 சிசி பிரிவான சீனியர் டிடிக்கு வந்தார். புறப்படும் நேரத்தில் சூடேற்றுகிற பிளக்கைக் கழற்றிப் பந்தய பிளக்கை மாட்டும்போது ஒரு சிலிண்டரில் மரை நெளிந்துவிட்டது. முதல் சுற்றிலேயே பந்தயம் முடிந்தது. அவ்வளவு செலவு செய்து கட்டிய வண்டி ஒரு மரையால் நின்றது. அலுமினிய ஹெட்டில் பிளக்கை அவசரமாக முறுக்காதே என்று நான் எத்தனை பையன்களிடம் சொல்லியிருப்பேன்!

1939 ஜூனில் மையர் திரும்ப வந்தார். ஏழு சுற்று, 425 கி.மீ. தூரம். சராசரி மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் முதலிடம். இரண்டாவது இடமும் பிஎம்டபிள்யூ, ஓட்டியவர் ஆங்கிலேயர் ஜாக் வெஸ்ட். சீனியர் டிடியில் வெளிநாட்டவர் ஒருவர் வெளிநாட்டு வண்டியில் ஜெயித்தது அதுவே முதல் முறை. ஆனால் அந்த அணியின் கார்ல் கால் என்ற மூத்த வீரர் பயிற்சியின்போது பல்லா என்ற இடத்தில் விழுந்து இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடுதான் மற்ற இருவரும் புறப்பட்டார்கள்.

இந்த வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, அந்த வருடம் நார்ட்டன் கம்பெனி ராணுவ வண்டி தயாரிப்பில் இறங்கி, அதிகாரபூர்வ அணியை அனுப்பவில்லை. இன்னொன்று, முந்தைய வருடம் ஹரால்டு டேனியல் சூப்பர்சார்ஜர் இல்லாத நார்ட்டனில் ஒரு சுற்றை மணிக்கு 91 மைல், அதாவது 146 கி.மீ. சராசரியில் முடித்திருந்தார். மையரால் அதை முறியடிக்க முடியவில்லை. 1950 வரை யாராலும் முடியவில்லை. ஆக, ப்ளோயர் மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். குதிரைத்திறன் நேர்ச்சாலையில் கொடுத்ததை வளைவில் எடை வாங்கிக்கொண்டது. அப்புறம் அந்த வெற்றியை ஹிட்லர் அரசு தன் கொடிக்கம்பத்தில் கட்டிப் பறக்கவிட்டது. மையரும் ராணுவத்தில் இருந்தவர். வண்டியை மெச்சும்போது அதையும் மறக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இத்தாலிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். ரொந்தினே என்ற பெயரில் ரோமில் பிறந்த நான்கு சிலிண்டர் வண்டி, தண்ணீரில் குளிர்வது, சூப்பர்சார்ஜரோடு. 1936இல் ஜிலேரா கம்பெனி அதை வாங்கியது. அடுத்த வருடமே பியரோ தருஃபி அதில் 274 கி.மீ. வேகத்தைத் தொட்டு உலக சாதனையைக் கைப்பற்றினார். மேலே சொன்ன ஹென்னேயின் 279.5, இதற்கு ஒரே மாதத்தில் வந்த பதிலடி. 1939இல் ஐரோப்பிய சாம்பியன் பட்டம் ஜிலேரா ஓட்டிய தொரினோ செராஃபினிக்குப் போனது. மையர் ஸ்வீடனில் விழுந்து முதுகில் அடிபட்டுப் போட்டியிலிருந்து விலகியதும் அதற்கு ஒரு காரணம்.

அதே வருடம் ஆகஸ்டில் வடக்கு அயர்லாந்தின் அல்ஸ்டர் கிராண்ட் பிரி நடந்தது. அந்தப் பந்தயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெயித்தது செராஃபினி. ஆனால் உள்ளூர்க்காரர் வால்ட்டர் ரஸ்க், இங்கிலாந்தின் ஏஜேஎஸ் கம்பெனியின் நான்கு சிலிண்டர் சூப்பர்சார்ஜர் வண்டியில் ஒரு சுற்றை மணிக்கு 100 மைல் சராசரியில் முடித்தார். கிராண்ட் பிரி சாலைப் பந்தயத்தில் அந்த எல்லையைத் தாண்டிய முதல் சுற்று அதுதான். வண்டி பந்தயத்தை முடிக்கவில்லை. 180 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த இரும்பை ரஸ்க் எப்படித்தான் திருப்பினாரோ. சில வாரங்களில் உலகப்போர் வந்துவிட்டது. ரஸ்க் போர்க்காலத்திலேயே இறந்தார்.

ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் ஏன் இது எடுபடவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம், நம் ஊரில் புல்லட் பார்த்து வளர்ந்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள். ப்ளோயர் நிறுத்தாமல் ஊதும். ஒற்றை சிலிண்டரோ இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வாய் திறக்கும். மீதி நேரம் வால்வு மூடியிருக்கும்போது ஊதியது எங்கே போகும்? இடையில் ஒரு தொட்டி வைக்கணும். இங்கிலாந்தில் வெலோசெட் கம்பெனியின் ஹரால்டு வில்லிஸ் 1930களின் தொடக்கத்தில் 350 சிசி வண்டியில் அப்படிச் செய்து பார்த்தார், அதற்கு ஒரு செல்லப்பெயரும் வைத்தார். பெரிய பலன் இல்லை. பிறகு அதே கம்பெனி 1939 டிடி பயிற்சிக்கு இரண்டு சிலிண்டர் சூப்பர்சார்ஜர் வண்டியைக் கொண்டுவந்தது. ஸ்டான்லி வுட்ஸ் ஓட்டிப் பார்த்தார். பந்தயத்தில் ஓடவில்லை, போர் வந்து அந்தக் கதையும் முடிந்தது.

சின்ன வண்டிகளில் ராஜா ஜெர்மனியின் டிகேடபிள்யூ. அது இரண்டு ஸ்ட்ரோக். ஒரே எரியறைக்கு இரண்டு பிஸ்டன்கள், அதற்கு மேல் கலவையைத் தள்ளுவதற்கென்றே தனியாக ஒரு பம்ப் பிஸ்டன். 1938இல் எவால்டு க்ளூகே அதில் 250 சிசி டிடியை 11 நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தார். காதைப் பிளக்கும் சத்தம், பெட்ரோலைக் குடிப்பதில் கணக்கே இல்லை. அந்தத் தொழிற்சாலை இருந்த ஊர் சாக்சனியில் ச்சோபாவ். இந்த ஊர்ப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1946இல் சர்வதேச மோட்டார்சைக்கிள் சம்மேளனம் பந்தயங்களில் சூப்பர்சார்ஜரைத் தடை செய்தது. போருக்குப் பின் கிடைத்த பெட்ரோல் மட்டமானது, அழுத்தினால் இன்ஜின் தாங்காது. செலவும் அதிகம். வேகத்தைப் பற்றிய பயமும் இருந்தது. போருக்கு முன் இதில் ஓங்கி நின்றவர்கள் ஜெர்மானியர்களும் இத்தாலியர்களும் என்பதையும் கூடவே வைத்துப் பார்க்கிறேன், என் சந்தேகம் அவ்வளவுதான். எப்படியோ, ஒரு வரி விதி வந்தது, ப்ளோயர் போனது.

அந்த ஒரு வரியால் யார் யார் பாதிக்கப்பட்டார்கள் என்று பாருங்கள். ஏஜேஎஸ் கம்பெனி போர்க்காலத்திலேயே சூப்பர்சார்ஜரை மனதில் வைத்து ஒரு இரட்டை சிலிண்டர் வண்டியை வரைந்திருந்தது. மேலே ப்ளோயருக்கு இடம் விட்டுச் சிலிண்டர்களைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்திருந்தார்கள். ஹெட்டைச் சுற்றி முள் முள்ளாகத் துருத்திய கூர்களைப் பார்த்து முள்ளம்பன்றி என்றே பெயர் வந்தது. தடை வந்த பிறகு ப்ளோயர் இல்லாமலேயே ஓட்டினார்கள். மாப்பிள்ளை இல்லாத மணமேடை மாதிரி இன்ஜினுக்கு மேல் அந்த இடம் காலியாகவே கிடந்தது. அப்படியும் 1949இல் லெஸ் கிரஹாம் அதில் முதல் 500 சிசி உலக சாம்பியன் ஆனார். அந்த வருட டிடியில் முன்னணியில் இருந்தவர், முடிவுக்குப் பக்கத்தில், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் மேக்னெட்டோவின் ஷாஃப்ட் உடைந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே கோட்டைக் கடந்தார்.

ஜெர்மானியர்கள் 1951 வரை சர்வதேசப் பந்தயங்களில் சேர்க்கப்படவில்லை. அதனால் விதியும் அவர்களைத் தொடவில்லை. உள்நாட்டில் பழைய பிஎம்டபிள்யூவும் என்எஸ்யு கம்பெனியின் இரட்டை சிலிண்டர் வண்டியும் ப்ளோயரோடு சில வருடங்கள் ஓடிக்கொண்டிருந்தன, மையர் உட்பட. வேக சாதனை ஓட்டங்களுக்குத் தடை கிடையாது. 1951இல் ஹென்னேயின் சாதனையை உடைத்தவர் வில்ஹெல்ம் ஹெர்ஸ், 500 சிசி சூப்பர்சார்ஜர் என்எஸ்யுவில், 290 கி.மீ. வேகம். 1956இல் அமெரிக்காவின் பான்வில் உப்புத் திடலில் அவர் 330 கி.மீட்டரையும் தாண்டினார். தொழில்நுட்பம் வளரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, ஆசிரியரே, இது 1956.

இப்போது ச்சோபாவ். போருக்குப் பின் அந்த ஊர் கிழக்கு ஜெர்மனிக்குள் போய்விட்டது, அதே தொழிற்சாலையில் எம்இசட் என்ற பெயரில் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் செய்தார்கள். பம்ப் பிஸ்டன் வைக்கக் கூடாது. அப்புறம் என்னதான் செய்வது? வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் புகைக்குழாயைப் பிடித்துக்கொண்டார். வெடித்து வெளியேறும் புகை ஓர் அழுத்த அலையாகக் குழாய்க்குள் ஓடும். குழாய் விரிகிற இடத்தில் அந்த அலை சிலிண்டரை உறிஞ்சும், மறுபடி குறுகுகிற இடத்தில் மோதித் திரும்பி, வெளியே தப்பிய புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திரும்பத் தள்ளும். விரிவையும் நீளத்தையும் சரியாக அமைத்தால் குழாயே ப்ளோயர் வேலை பார்க்கும். சுழல்வது எதுவும் இல்லை, தேய்வது எதுவும் இல்லை, விதிப்புத்தகத்தில் மடக்க ஒரு வரியும் இல்லை. இந்த யோசனை முழுக்க அவருடையது அல்ல, மேற்கு ஜெர்மனியிலும் டிகேடபிள்யூவில் செய்து பார்த்திருந்தார்கள். ஆனால் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் காடன். 1961இல் அவரது 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 200. மையரின் ப்ளோயர் வைத்த பிஎம்டபிள்யூவில் லிட்டருக்குச் சுமார் 120தான்!

அதே 1961இல் எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பி மேற்குப் பக்கம் போனார். அவரோடு அந்த வித்தையும் ஜப்பானின் சுசுகிக்குப் போனது. அடுத்த வருடமே சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வாங்கியது. அங்கிருந்து மற்ற ஜப்பான் கம்பெனிகளுக்கும் பரவியது. 1980களில் ஓசூரில் டிவிஎஸ் கூட்டணியில் தயாரான இந்த்-சுசுகியும், நம் பையன்கள் இன்னும் தேடி வாங்குகிற யமஹா ஆர்எக்ஸ் 100உம் அந்த வம்சம்தான். ஆர்எக்ஸ் சைலன்சர் நடுவில் ஏன் பருத்திருக்கிறது என்று உங்கள் வாகனப் பக்கத்தில் யாராவது எழுதினால், 1946இல் போட்ட தடையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

எச்2வைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. கிராங்கிலிருந்து பல்சக்கர வரிசையில் ஓடும், காற்றை ஊதும் விசிறியான இம்பெல்லர் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டுகிறது, அந்த வேகத்தில் பேரிங் நிற்பதே எனக்கு ஆச்சரியம். காற்றைக் குளிர வைக்கத் தனி ரேடியேட்டர்கூட இல்லாமல் சமாளித்திருக்கிறார்கள். பெரிய வேலை. ஆனால் "முதல்" என்ற பட்டம் அதற்கு வேண்டாம். கடையில் விற்ற வண்டிகளை மட்டும் கணக்கில் எடுத்தாலும் பிரான்ஸின் பெஜோ கம்பெனி அதற்கு முன்பே 125 சிசி ஸ்கூட்டரில் சூப்பர்சார்ஜர் வைத்து விற்றிருக்கிறது.

கடைசியாக, கட்டுரைக்குப் பக்கத்தில் போட்டிருந்த விளக்கப் படத்தில் சைலன்சர் குழாயிலிருந்து வரும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அது டர்போ, புகையால் ஓடுவது. சூப்பர்சார்ஜர் கிராங்கால் ஓடுவது. அடுத்த வாரம் திருத்தம் போடும்போது படத்தையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். 1939 பிஎம்டபிள்யூவின் முன்பக்கப் படம் ஒன்று கிடைத்தால் அதைப் போடலாம், ப்ளோயர் எங்கே இருக்கிறது என்று தேடவே வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ப்ளோயர் ஃபிட்டர்,
திருப்பூர்.